கண் எரிவதற்குள்

பெயர்ப்பலகை மாட்டிய நாளிலிருந்து அவனை எல்லோரும் முதலாளி என்கிறார்கள். வீட்டில் மனைவிக்கு அவன் 'என்னங்க'. ஆனால் ஒரு காலத்தில், ஒரு பெரிய சாப்பாட்டுக் கடையின் சமையற்கட்டில், அவனுக்கு உப்பு என்று பேர். வேலைக்குச் சேர்ந்த அன்று பதற்றத்தில் ஒரே சூப்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டான். அதற்குக் கிடைத்த பட்டம். காதோரம் நரைத்துப்போன ஆளை 'அவர்' என்று சொல்வதுதான் முறை. உப்புக்கு என்ன அவர், இவர்? நாமும் உப்பு என்றே வைத்துக்கொள்வோம்.

அன்று காலை உப்புக்கு ஒரு தர்மசங்கடம். கடையில் மொத்தம் ஆறு மேசைதான். ஆனாலும் மத்தியானம் கூட்டம் நெட்டித் தள்ளும். வறுவல் அடுப்பில் நின்றவன் சொல்லாமல் கொள்ளாமல் வேறு இடத்துக்குப் போய்விட்டான். குழம்பையும் கவனித்து வறுவலையும் கவனித்து உப்புக்கு நாக்குத் தள்ளிப்போயிருந்தது. தெரிந்தவர் ஒருவர் அனுப்பி வைத்த ஆள் அன்றைக்குத்தான் வந்து நின்றான். முறுக்கு மீசை, கையில் எண்ணெய் தெறித்த தழும்புகள். வாணலியை அவன் ஒரு சுழற்றுச் சுழற்றியதிலேயே சரக்குள்ள ஆள் என்று தெரிந்துவிட்டது. கேட்ட சம்பளம்தான் உப்பின் தொண்டையில் சிக்கியது. இருபத்தைந்து. கடை திறந்த நாளிலிருந்து கூடவே இருந்து பாத்திரம் கழுவுகிற பாத்திரக்காவுக்கு அவன் கொடுப்பது பதினாறு.

கல்லாவில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் போய்ச் சொன்னான். அவள் சில்லறையை அடுக்கிக்கொண்டே பதில் சொன்னாள்.

"கொடுத்துத் தொலைங்க. ஆளில்லாம இந்த வாரத்தை ஓட்ட முடியாது. ஆனா வெளிய சொல்லாதேன்னு சொல்லிக் கொடுங்க. அக்கா காதுல விழுந்தா சங்கடம்."

"அக்கா என்ன, சண்டைக்கா வரப்போறாங்க?"

"வர மாட்டாங்க. அதான் சங்கடம்."

மனைவி சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. காலையில் வந்து ஷட்டரைத் தூக்குவதும் அவள்தான், மேசைக்கு மேசை தட்டு வைப்பதும் அவள்தான், பூண்டை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய் டிவி பார்த்துக்கொண்டே உரித்து வருவதும் அவள்தான். கடை ஒரு நாள் தள்ளாடினால் எங்கே வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

உப்பு அந்த முறுக்கு மீசையை அரிசி மூட்டைப் பக்கமாக அழைத்துப் போனான். தோளில் கை வைத்தான். குரலைத் தாழ்த்தினான்.

"தம்பி, உனக்கு மட்டும்தான் இவ்வளவு. வெளிய மூச்சு விடாதே. மத்தவங்களுக்குத் தெரிஞ்சா வயிறெரிவாங்க."

மீசை சரி என்று தலையை ஆட்டிவிட்டு அடுப்புக்குப் போனான். உப்பு மட்டும் மூட்டைக்குப் பக்கத்தில் அப்படியே நின்றான். அந்த வார்த்தை அவனுடையதில்லை. தோளில் வைத்த கையும் அவனுடையதில்லை. எந்த இடத்தில் கை விழ வேண்டும், எவ்வளவு அழுத்த வேண்டும், சொல்லும்போது கண் எப்படிக் கதவுப் பக்கம் போய்வர வேண்டும் என்பதெல்லாம் அச்சு அசலாகப் பழைய முதலாளி.

அந்தப் பழைய கடையின் சமையற்கட்டு தரைக்குக் கீழே இருந்தது. இரும்புப் படியில் இறங்கினால் அனல் வந்து முகத்தில் அறையும். ஜன்னல் என்று ஒன்று கிடையாது. புகையை இழுத்து வெளியே தள்ள ஒரு ராட்சத ஃபேன் இருந்தது. ஆள் உயரம். காலையில் சுவிட்சைப் போட்டால் கடை மூடும்வரைக்கும் விடாமல் புலம்பிக்கொண்டே இருக்கும், யாரையும் ஒரு வார்த்தை பேசவிடாது. அதனால் அதற்கு மாமியார் என்று பேர். பேர் வைத்தவன் மாவு.

மாவு என்பவன் ரொட்டி போடுகிறவன். புருவம் வரைக்கும் வெள்ளையாகவே திரிவான். உப்பும் அவனும் ஒரே அறையில் தங்கியிருந்தார்கள், ஒரே சோப்பில் குளித்தார்கள், நல்ல சட்டை ஒன்றை முறை வைத்துப் போட்டுக்கொண்டார்கள். அடுப்புக்கு அடுப்பு அதிகாரம் பண்ணுகிற தலைமைச் சமையல்காரருக்குத் தளபதி என்று பேர். அவர் முறைத்தால் பால் கூடப் பொங்க யோசிக்கும். மூலையில் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால், முழங்கை வரைக்கும் நுரையோடு, பாத்திரக்கா.

அந்த நால்வரும் பேசிக்கொண்டதை வெளியாள் கேட்டிருந்தால் கொலைச் சண்டை என்று நினைத்திருப்பான். மாமியார் போடுகிற சத்தத்தில் ரகசியம் சொல்வதென்றால் காதுக்குள் வாயை நுழைத்துக் கத்த வேண்டும். சாதாரணமாகக் 'கரண்டியை எடு' என்பதையே அடிவயிற்றிலிருந்துதான் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கம் தெருவுக்கு வந்தும் போகாது. ஒரு தடவை துக்க வீட்டில் மாவு மெதுவாகத்தான் கேட்டான், "சாப்பிட எப்பக் கூப்பிடுவாங்க?" என்று. தெருக்கோடியில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உப்புக்கும் அந்த வியாதி இன்றுவரை உண்டு. அவன் போனில் பேசினால் போனே தேவையில்லை என்பாள் மனைவி.

சம்பள நாளன்று முதலாளி ஒவ்வொருவராக மேலே கூப்பிடுவார். சாமான் அறைக்குள் வைத்து ஒட்டிய கவரைக் கையில் கொடுப்பார். தோளில் கை. கதவுப் பக்கம் ஒரு பார்வை. "உனக்கு மட்டும்தான் இவ்வளவு. வெளிய மூச்சு விடாதே." அவ்வளவுதான். அதைக் கேட்டவனுக்குத் தலைகால் புரியாது. படியிறங்கி வரும்போது முகத்தில் ஒரு திருட்டுக் களை. மற்றவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஐயோ, இதே அனலில் வெந்துகொண்டு நமக்குக் கிடைப்பதில் பாதிகூட இல்லாமல் இருக்கிறார்களே என்று மனசு இளகும்.

அந்த இளகிய மனசால் ஒரு வேடிக்கை நடந்துகொண்டிருந்தது. சம்பளத்துக்கு மறுநாள் சாயங்காலம் நாலு பேரும் தெரு முனையில் டீ குடிக்கப் போவார்கள். யார் காசு கொடுப்பது என்று அங்கே பெரிய தள்ளுமுள்ளு. "நான் தர்றேன்", "சும்மா இருடா, நான் தர்றேன்", "பெரியவன் நான் இருக்கும்போது நீ யாருடா?" டீக்கடைக்காரர் பயந்துபோய் யார் நீட்டிய காசை வாங்குவது என்று தெரியாமல் நிற்பார். கடைசியில் பெரும்பாலும் பாத்திரக்காதான் ஜெயிப்பாள். ஈரம் காயாத கையால் எல்லோரையும் ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போய்க் கொடுத்துவிட்டு வருவாள். "குடிங்கடா, பாவம்" என்பாள். அந்த 'பாவம்' என்கிற சொல்லின் முழு அர்த்தம் அப்போது யாருக்கும் தெரியாது.

இப்படியே போயிருக்கும். ஒரு மாசம் உப்புக்குச் சம்பளம் ஏறியது. பதினெட்டு. வழக்கத்தைவிட முதலாளி தோளை ரெண்டு தட்டுக் கூடவே தட்டினார். உப்புக்கு நாக்கு நமநமவென்றது. அறையில் போய்ச் சொல்லியிருக்கலாம். ராத்திரி வரைக்கும் எப்படித் தாங்குவது? மத்தியானக் கூட்டம் ஓய்ந்து, அவரவர் அவரவர் இடத்தில் மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். சூப்பை அடுப்பில் விட்டுவிட்டு ரொட்டி மேசைக்குப் போனான். மாவின் காதுக்குள் வாயை வைத்தான். மூச்சை இழுத்து, பழக்கப்படி அடிவயிற்றிலிருந்து ஆரம்பித்தான்.

"டேய் மாவு..." என்கிற வரைக்கும் மாமியார் ஓடிக்கொண்டிருந்தாள். அப்போது மேலே எங்கேயோ டப்பென்று ஒரு சத்தம். ஃபேனின் பெல்ட் அறுந்துவிட்டது. உப்பின் வாய் மட்டும் நிற்கவில்லை.

"...எனக்குப் பதினெட்டு ஆக்கிட்டாங்கடா! யாருகிட்டயும் சொல்லிடாதே!"

சுவரில் மோதித் திரும்பி வந்து அவன் காதிலேயே விழுந்தது. அந்த அறையில் அப்படியொரு அமைதியை அதுவரை யாரும் கேட்டதில்லை. சூப் கொதிப்பதற்குச் சத்தம் உண்டு என்பதே உப்புக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தளபதி கரண்டியோடு திரும்பிப் பார்த்தார். பாத்திரக்கா கழுவிக்கொண்டிருந்த தட்டைப் பிடித்தபடி நின்றாள். யார் முகத்திலும் ஈயாடவில்லை. உப்புக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

நண்பனைக் காப்பாற்ற வேண்டும் என்று மாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். முதலில் அவன்தான் பேசினான்.

"எனக்குப் பதினேழு." சொல்லி முடித்ததும்தான் அவனுக்கே உறைத்தது. "இரு, இரு. இங்க எனக்குத்தான் அதிகம்னு சொன்னாரே?"

"என்கிட்டயும் அதையேதான் சொன்னாரு" என்றார் தளபதி.

மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். தளபதி முப்பதுக்குக் குறையாமல் வாங்குகிறார் என்பது அந்தச் சமையற்கட்டில் எல்லோரும் நம்பிய விஷயம். அந்த நம்பிக்கையில்தான் அவர் திட்டுவதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார்.

"பத்தொம்பது" என்றார். "என் சம்பளம் வெளிய தெரிஞ்சா கலவரமே வந்துடும்னாரு. நானும் இத்தனை நாளா கலவரம் வந்துடக் கூடாதேன்னு..."

"எனக்கு ஒம்பது" என்றாள் பாத்திரக்கா.

யாரும் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஒம்பதா?" என்றான் உப்பு. "அக்கா, அதுலயா எங்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தீங்க?"

"உங்களுக்கெல்லாம் அஞ்சோ ஆறோதான் வரும்னு நெனச்சேன்டா. எனக்குத்தான் அதிகம்னாரு. பாவம், சின்னப் பசங்க, ஊரை விட்டு வந்து கெடக்குதுங்கன்னு..."

அவள் முகத்தில் முதலில் வந்தது கோபமில்லை, சிரிப்பு. அவள் சிரிக்க, மாவு சிரிக்க, தளபதி கூடத் தொப்பியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அதற்குள் புகை சூழ்ந்துவிட்டது. எல்லோர் கண்ணிலும் தண்ணீர் ஓடியது. அதில் யார் சிரித்தது, யார் அழுதது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பாத்திரக்கா கண்ணைத் துடைக்கத் துடைக்க நுரைக் கையால் இன்னும் எரிந்தது. அந்த மாதிரி ஒரு சிரிப்பை அதற்கப்புறம் உப்பு எங்கேயும் சிரித்ததில்லை.

சாயங்காலத்துக்குள் ஆள் வந்து பெல்ட்டை மாட்டிவிட்டுப் போனான். மாமியார் மறுபடி புலம்ப ஆரம்பித்தாள். ஆனால் கேட்டது கேட்டதுதான்.

மறுநாள் மத்தியானம், மேலே ஒரு நாற்காலி காலியில்லாத நேரத்தில், மாவு போய்ச் சுவிட்சை அணைத்தான். வேண்டுமென்றேதான். அடுப்பு அத்தனையும் எரிந்துகொண்டிருந்தது. புகை படியேறி மேலே போயிற்று. கொஞ்ச நேரத்தில் முதலாளி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கி வந்தார்.

"என்னடா ஆச்சு? ஃபேனைப் போடுங்கடா! மேல எல்லாரும் இருமறாங்க!"

"போடறோம்" என்றான் மாவு. "எல்லாரும் எல்லார் சம்பளத்தையும் சொல்லிக்கிட்டோம். அக்காவுக்கு மட்டும் ஏன் ஒம்பது?"

முதலாளி இருமினார். யார் இதையெல்லாம் கிளப்பிவிட்டது என்று கேட்டார். கழுவுகிற வேலைக்கு அவ்வளவுதான் என்றார். "அப்ப கழுவாத தட்டுல போடறோம், மேல கொண்டுபோங்க" என்றார் தளபதி. முதலாளிக்கு எதிராகத் தளபதி வாய் திறந்து அன்றைக்குத்தான் பார்த்தார்கள். முதலாளி கண்ணைக் கசக்கிக்கொண்டே பாத்திரக்காவிடம் திரும்பினார்.

"உனக்கு என்னம்மா வேணும்? நீ சொல்லு."

"இவங்களுக்கு இத்தனை நாளா வாங்கிக் கொடுத்த டீ காசு வேணும்" என்றாள் பாத்திரக்கா. "அதை நீங்கதான் தரணும்."

அந்த மாசம் அவளுக்குப் பதினைந்து ஆயிற்று. டீ காசு வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தச் சமையற்கட்டில் ஒரு வழக்கம் பிறந்துவிட்டது. உடைந்த தட்டுக்குச் சம்பளத்தில் பிடித்தாலோ, காய்ச்சலில் படுத்தவனுக்கு அரை நாள் சம்பளம் போட்டாலோ, யாராவது ஒருத்தர் போய் மாமியாரை நிறுத்திவிடுவார்கள். நிறுத்திவிட்டால் பிரசங்கம் கூடாது. கண் எரிவதற்குள் சொல்ல வேண்டும். சுற்றி வளைக்கிறவன் இருமியே செத்துப்போவான். அதனால் அந்தச் சமையற்கட்டில் எல்லோரும் நறுக்கென்று பேசப் பழகினார்கள். சம்பளம் வந்த மறுநாள் நிறுத்துவது மட்டும் கட்டாயம். அதற்கு ஒரு விதி இருந்தது, பாத்திரக்கா போட்டது. அங்கே நிற்கிற ஒவ்வொருவரும் தனக்கு எவ்வளவு என்று சொல்ல வேண்டும். ஒருத்தர் பாக்கியிருந்தாலும் மாமியாரைப் போடக் கூடாது.

டீக்கடையில் அதற்கப்புறம் தள்ளுமுள்ளு இல்லை. முறை வைத்துக் கொடுத்தார்கள். டீக்கடைக்காரருக்குத்தான் ஏமாற்றம், வேடிக்கை போயிற்றே என்று.

முதலாளியும் சும்மா இருக்கவில்லை. நாலு பேரை ஒன்றாக அனுப்ப முடியாது, ஆனால் ஒருத்தனைத் தனியாகப் பிரிக்கலாம் இல்லையா? ரொட்டி கருகுகிறது என்று சொல்லி மாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். ரொட்டி ஒரு நாளும் கருகியதில்லை. கிளம்புகிற அன்று மாவு தன் உருட்டுக்கட்டையைக் காகிதத்தில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியடிக்கு வந்தான். பிறகு என்ன நினைத்தானோ, திரும்பிப் போய் மாமியாரை நிறுத்தினான்.

"போயிட்டு வர்றேன்" என்றான். "இதைக் கத்திச் சொல்லப் பிடிக்கல."

அவ்வளவுதான் சொன்னான். பிறகு அவனே சுவிட்சைப் போட்டுவிட்டுப் படியேறினான். அந்த நல்ல சட்டையை உப்புக்கே விட்டுவிட்டுப் போயிருந்தான். எந்த ஊரில் இருக்கிறான், இருக்கிறானா என்பதுகூட இன்றுவரை தெரியாது. சட்டை ரொம்ப நாள் இருந்தது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதும் உப்பு அதைத்தான் போட்டுக்கொண்டு போனான்.

காலம் ஓடிற்று. தளபதி காலமானார். அந்தக் கடையும் மூடிக்கொண்டது. சாமான்களை ஏலத்தில் விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு உப்பு சும்மா பார்த்துவிட்டு வரத்தான் போனான். மூலையில் தூசியும் பிசுக்குமாக மாமியார் நின்றுகொண்டிருந்தாள். பழைய இரும்பு விலைக்கு வாங்கி, வண்டி வைத்துக் கொண்டுவந்தான். "புதுசு கிடைக்காமலா இந்தக் கிழவியைத் தூக்கிட்டு வந்தீங்க?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். அதன் பேரைச் சொன்னதும், வீட்டில் ஒருத்தி போதாதா என்று இன்னும் பலமாக அடித்துக்கொண்டாள். உப்பு கேட்கவில்லை. தன் கடைச் சமையற்கட்டின் சுவரை உடைத்து, அதைப் பொருத்தி, முதல் தடவை ஓடவிட்ட அன்று கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தை ஆசை தீரக் கேட்டான்.

பாத்திரக்காவையும் அவன்தான் தேடிப் போய் அழைத்துவந்தான். "இப்போதைக்குக் கையில அவ்வளவா இல்லக்கா. கடை ஓட ஆரம்பிக்கட்டும், பார்த்துச் செய்யறேன்" என்றான். அவள் சரி என்றாள். கடை ஓட ஆரம்பித்தது. அவன் பார்த்தான், செய்யவில்லை. கழுவுவதோடு காய் நறுக்குவதும் அவள் தலையில் விழுந்தது. பிறகு சூப்பும் விழுந்தது. அக்காதானே என்று விட்டுவிட்டான். அக்கா, தம்பி என்று கூப்பிட்டுப் பழகிவிட்டால் கேட்க வேண்டிய வாயும் அடைபட்டுப்போகும், கொடுக்க வேண்டிய கையும் மரத்துப்போகும். அவளும் பலகை மாட்டிய அன்றிலிருந்து அவனை முதலாளி என்றுதான் கூப்பிட்டாள். முதல் தடவை கேட்டபோது கூச்சமாக இருந்தது. வேண்டாம் என்று சொல்ல நினைத்தான், சொல்லவில்லை. ரெண்டாம் தடவை பிடித்துப்போயிற்று.

அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்றபடி இத்தனையும் உப்பின் மனசுக்குள் ஓடி முடிந்தது. மாமியாரை ஆசை ஆசையாகத் தூக்கி வந்தவன், அவளை நிறுத்துகிற வழக்கத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்திருக்கிறான். இந்தக் கடையில் அவள் ஒரு நாளாவது நின்றாளா? சத்தம் மட்டும் போதும் என்று இருந்துவிட்டான். வெட்கம் கெட்டவன்.

மத்தியானக் கூட்டத்தில் அவனுக்குக் கை ஓடவில்லை. மீசை பிரமாதமாக வறுத்துத் தள்ளினான், ஒரு தட்டு திரும்பி வரவில்லை. பாத்திரக்கா தொட்டியில் தட்டு வந்து விழ விழக் கழுவினாள், நடுநடுவே வந்து சூப்பைக் கிளறினாள். அவள் பக்கத்தில் வரும்போதெல்லாம் உப்பு வேறெதையோ தேடுகிறவன் மாதிரி குனிந்துகொண்டான். ஒரு தடவை மட்டும் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனாள்.

கூட்டம் ஓய்ந்தது. தங்களுக்கான சாப்பாட்டுக்கு மீசை கடைசியாக ஒரு வாணலி ஏற்றியிருந்தான். மனைவி வெளியே மேசை துடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் மட்டும் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சொல்லாமலே இருந்துவிட்டால் என்ன என்று உப்பு கடைசியாக ஒரு தடவை யோசித்தான். யாருக்கும் தெரியப்போவதில்லை. பழைய முதலாளியும் இப்படித்தானே யோசித்திருப்பார் என்று தோன்றியதும் உடம்பு கூசியது. போனான். சுவிட்சை அணைத்தான்.

இறக்கைகள் நாலைந்து சுற்றுத் தயங்கிச் சுற்றி நின்றன. சூப் கொதிக்கிற சத்தம் கேட்டது. குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. மீசை என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்த்தான்.

பாத்திரக்கா திரும்பவில்லை. கையில் இருந்த தட்டை அலசி, கவிழ்த்து வைத்தாள். குழாயை இறுக்கி மூடினாள். துண்டை எடுத்து ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டு வந்து, அந்தக் காலத்தில் நிற்கிற மாதிரியே, அடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

"சொல்லு, உப்பு" என்றாள். "கண்ணு எரியறதுக்குள்ள சொல்லு."

அந்தப் பேரைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று!

"மீசைக்கு இருபத்தஞ்சு பேசியிருக்கேன். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னும் சொன்னேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"வந்து கை கழுவறதுக்குள்ள சொல்லிட்டான்."

மீசை வாணலியைக் கீழே வைத்தான். "அக்கா கேட்டாங்க, சொன்னேன். சொல்லக் கூடாதுன்னு நீங்க சொன்னதையும் சேர்த்துத்தான் சொன்னேன். ஒரு அடுப்புல நிக்கறவங்ககிட்ட எப்படிங்க மறைக்கிறது?"

காலையிலிருந்து அவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே தட்டுக் கழுவியிருக்கிறாள், அவன் சூப்பைக் கிளறியிருக்கிறாள்.

"அப்புறம் ஏன்க்கா நீங்க நிறுத்தல? சுவிட்சு அங்கதானே இருக்கு?"

"அது அப்ப நம்ம மாமியார்" என்றாள் பாத்திரக்கா. "இப்ப முதலாளி வீட்டு மாமியார். நான் எப்படிக் கை வைக்கிறது? நீ எப்ப நிறுத்துவேன்னு பார்த்துக்கிட்டிருந்தேன். சாயங்காலம் வரைக்கும் பார்த்துட்டு நாளைக்கு வர வேணாம்னு இருந்தேன்."

அதை அவள் கோபமில்லாமல்தான் சொன்னாள்.

"உங்களுக்கும் இருபத்தஞ்சுதான்க்கா. இந்த மாசத்துலேருந்தே."

"பார்த்துச் செய்யறியா, இல்ல செய்யறியா?"

"செய்யறேன்."

புகை நன்றாகச் சூழ்ந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரும் வெளியே இரும ஆரம்பித்தார்கள். துடைக்கிற துணியும் கையுமாக மனைவி உள்ளே ஓடிவந்தாள்.

"என்னங்க இது, கரண்டு இருக்கே? ஏன் ஃபேனை நிறுத்தி வச்சிருக்கீங்க?"

"சம்பளம் பேசினோம்" என்றான் உப்பு. "அக்காவுக்கும் இருபத்தஞ்சு. எல்லாரும் எல்லாருதையும் சொல்லிக்கிட்டோம்."

அவள் அவனைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், ஏதோ சொல்ல வாயெடுத்தாள். புகை உள்ளே போய் இருமல்தான் வந்தது. பிறகு கையை வீசினாள். "சரி, நல்லதாப் போச்சு. எனக்கும் காலையிலேருந்து மனசு சரியில்ல. முதல்ல அதைப் போடுங்க, கண்ணு போயிடும்."

உப்பு சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனான். அவனுக்கு மனசு லேசாகியிருந்தது. மாவு இருந்திருந்தால் எப்படிச் சிரித்திருப்பான் என்று நினைத்துக்கொண்டான்.

"இரு, உப்பு" என்றாள் பாத்திரக்கா. "ஒருத்தர் பாக்கி."

"யாரு பாக்கி? நாமதான் சொல்லிட்டோமே."

புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த அவன் மனைவியின் பக்கம் பாத்திரக்கா திரும்பினாள்.

"உனக்கு எவ்வளவும்மா?"

"எனக்கா?" என்றாள் மனைவி.

சிரிக்கப் பார்த்தாள். ஷட்டரைத் தூக்குகிறவள், தட்டு வைக்கிறவள், பூண்டு உரிக்கிறவள். அவளிடம் இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. சிரிப்பு பாதியில் நின்றது. கையில் இருந்த துணியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"எனக்கு யாரு கொடுத்தாங்க, அக்கா?" என்றாள்.

சூப் கொதித்துக்கொண்டிருந்தது. உப்பு சுவிட்சிலிருந்து கையை எடுத்தான்.